நேர்காணலில் "நீங்கள் எந்த மரம்?" என்று கேட்பது எதற்காக?

தேரிக்காட்டான் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் திசையன்விளைப் பக்கத்துக்காரன். இயந்திரவியல் பட்டயம் முடித்துவிட்டு ஓர் உதிரிபாகத் தொழிற்கூடத்தில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அதே வேலைக்குச் சற்றுக் கூடுதல் சம்பளத்தில் ஆள் எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, நெல்லையில் ஒரு நிறுவனத்தின் நேர்காணலுக்குக் கடந்த வாரம் போயிருந்தேன். வெர்னியர், மைக்ரோமீட்டர், அளவுக் கருவிகளைச் சரிபார்க்கும் முறை, ரிஜெக்‌ஷன் அறிக்கை என்று படித்துக்கொண்டு போன எதையும் அவர்கள் தொடவே இல்லை. மூவர் அமர்ந்திருந்தனர். நடுவில் இருந்தவர் என் சான்றிதழ்களைப் புரட்டிக்கொண்டே, "நீங்கள் ஒரு மரமாக இருந்தால் எந்த மரமாக இருப்பீர்கள்?" என்று கேட்டார். எங்கள் ஊரில் வாசலில் நின்று பார்த்தால் கண்ணுக்குத் தெரிவது பனைதான் என்பதால், யோசிக்காமல் "பனை" என்று சொல்லிவிட்டேன். உடனே அவர், "பனை தனியாக நிற்கிற மரம், ஒதுங்க நிழல்கூடத் தராதே, அப்படியானால் நீங்கள் பிறரோடு சேர்ந்து வேலை செய்ய மாட்டீர்களோ?" என்று கேட்டுவிட்டுத் தாளில் ஏதோ குறித்துக்கொண்டார்.

எங்கள் தேரியில், அதாவது செம்மணல் மேட்டில், பனை தனியாக நிற்பதில்லை, காடாக நிற்கிறது. ஒரு பனையை நம்பிப் பனையேறி, பதநீர் காய்ச்சுகிறவர், கருப்பட்டி வியாபாரி, ஓலை முடைகிறவர் என்று ஒரு வரிசையே பிழைக்கிறது. இதைச் சொல்லலாமா என்று நினைப்பதற்குள் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்கள். இன்னும் முடிவு சொல்லவில்லை. இரண்டாம் சுற்றுக்கு அழைக்கக்கூடும் என்று மட்டும் சொல்லி அனுப்பினார்கள். ஒருவனுடைய குணத்தை இப்படிக் கேட்டு உண்மையிலேயே அறிய முடியுமா, அல்லது இது வெறும் பொழுதுபோக்கா என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

நெறியாளர்:

நிறுவனத்தின் பெயரையும் முகவரியையும் பதிவிலிருந்து நீக்கியிருக்கிறேன். கருத்துகள் கேள்வியைப் பற்றியே இருக்கட்டும்.

கொக்கிரகுளத்தார் எழுதியது:

தம்பி, நான் வேலை பார்ப்பது மனிதவளப் பிரிவில். ஆள் எடுப்பது என் அன்றாட வேலை என்பதால், உங்களைக் கேட்டவர் என்ன நினைத்துக் கேட்டிருப்பார் என்பதை ஓரளவு சொல்ல முடியும்.

வழக்கமான கேள்விகள் தேய்ந்துவிட்டன என்பது முதல் காரணம். "உங்களுடைய பலவீனம் என்ன?" என்று கேட்டால், "எடுத்த வேலையை முடிக்காமல் எனக்குத் தூக்கம் வராது, அதுதான் என் பலவீனம்" என்று வருகிறவர்கள் எல்லோரும் ஒரே குரலில் சொல்கிறார்கள். பயிற்சி நிலையங்களில் அப்படித்தான் சொல்லிக் கொடுத்து அனுப்புகிறார்கள். மனப்பாடம் செய்து வர முடியாத ஒரு கேள்வியைப் போட்டால், அந்த ஒரு நிமிடமாவது உண்மையான ஆள் வெளியே வருவார் என்று கேட்பவர் நம்புகிறார். எதிர்பாராதது வரும்போது ஒருவர் பதறுகிறாரா, சிரித்துக்கொண்டே சமாளிக்கிறாரா, எரிச்சல் அடைகிறாரா என்று பார்ப்பது இரண்டாவது நோக்கம். வாடிக்கையாளர்களோடு நாள் முழுவதும் பேச வேண்டிய வேலைக்கு இதில் கொஞ்சம் பொருள் உண்டு. மைக்ரோமீட்டரைப் பிடித்து அளவெடுக்கும் வேலைக்கு என்ன பொருள் என்று எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவது காரணத்தைப் பலர் வெளியே சொல்ல மாட்டார்கள். கேட்பவருக்கு நேர்காணல் செய்ய யாரும் கற்றுக் கொடுத்திருக்க மாட்டார்கள். உற்பத்தி மேலாளர் ஒருவர் இயந்திரம் நின்றுபோன கவலையில் இருப்பார். அவரைக் கூப்பிட்டு, "மூன்று மணிக்கு ஆட்கள் வருகிறார்கள், பார்த்துச் சொல்லுங்கள்" என்று சொல்லிவிடுவார்கள். அவர் கைகழுவி வருகிற வழியிலேயே கைபேசியில் "நேர்காணல் கேள்விகள்" என்று தேடி, முதலில் வந்த பட்டியலிலிருந்து மரத்தையோ விலங்கையோ எடுத்துக்கொண்டு வந்து உட்காருவார். நான் கண்ணால் பார்த்த காட்சி இது.

கூகுள் நிறுவனத்தில் ஒரு காலத்தில் "ஒரு விமானத்துக்குள் எத்தனை கோல்ஃப் பந்துகளை அடைக்கலாம்?" என்பது போன்ற புதிர்களைக் கேட்டு ஆள் எடுத்தார்கள். அங்கு மனிதவளத்துக்குத் தலைவராக இருந்த லாஸ்லோ பாக், 2013-இல் நியூயார்க் டைம்ஸுக்கு அளித்த பேட்டியில், அந்தக் கேள்விகள் எதையும் முன்கூட்டிக் காட்டவில்லை, கேட்பவர் தம்மைக் கெட்டிக்காரர் என்று நினைத்துக்கொள்ளத்தான் அவை பயன்பட்டன என்று வெளிப்படையாகவே சொன்னார். அவர்கள் கைவிட்ட பிறகும் நம் பக்கத்து நிறுவனங்கள் அதைப் பிடித்துக்கொண்டிருப்பது வேடிக்கைதான்.

கடையநல்லூர் சிப்பாய் எழுதியது:

விநோதமான கேள்வி என்றாலே வீண் என்று முடிவு கட்ட வேண்டாம். ராணுவ அதிகாரிகளைத் தேர்ந்தெடுக்கும் எஸ்.எஸ்.பி. தேர்வுக்கு நான் போனதுண்டு. தேர்ச்சி பெறவில்லை, பிறகு வேறு வழியில் படையில் சேர்ந்தேன். அங்கே நடப்பதைப் பார்த்தால் உங்கள் மரக் கேள்வி சாதாரணம்.

மனத்தேர்வு நாளில் முதலில் படங்களைக் காட்டுகிறார்கள். மங்கலான ஒரு படத்தை அரை நிமிடம் திரையில் போட்டுவிட்டு, நான்கு நிமிடத்துக்குள் அதை வைத்து ஒரு கதை எழுதச் சொல்வார்கள். இப்படிப் பன்னிரண்டு கதைகள் எழுத வேண்டும், கடைசியில் காட்டுவது வெற்றுத் திரை. அடுத்ததாக அறுபது சொற்கள் ஒவ்வொன்றாகத் திரையில் வரும். ஒவ்வொரு சொல்லுக்கும் பதினைந்து நொடிகளுக்குள் மனத்தில் தோன்றும் வாக்கியத்தை எழுத வேண்டும். பிறகு அறுபது சூழ்நிலைகளைக் கொடுத்து, நீங்கள் அங்கே இருந்தால் என்ன செய்வீர்கள் என்பதை அரை மணி நேரத்துக்குள் எழுதச் சொல்வார்கள். முடிவில், உங்களைப் பற்றிப் பெற்றோர், ஆசிரியர், நண்பர் ஆகியோர் என்ன நினைக்கிறார்கள் என்று நீங்களே எழுத வேண்டும்.

ஆனால் உங்களுக்கு நடந்ததற்கும் இதற்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும். அந்தக் கதைகளைப் படிப்பவர் அதற்கென்றே பயிற்சி பெற்ற உளவியலாளர், அவர் நம்மை நேரில் பார்ப்பதே இல்லை. வெளியே மைதானத்தில் மரக்கட்டை, கயிறு, பீப்பாய் ஆகியவற்றைக் கொடுத்துக் குழுவாகத் தடையைக் கடக்கச் சொல்பவர் வேறோர் அதிகாரி. தனியாக உட்கார வைத்துப் பேசுபவர் மூன்றாமவர். பதினைந்து குணங்கள் என்று முன்பே வகுத்து வைத்திருக்கிறார்கள், மூவரும் தனித்தனியாக அந்தப் பதினைந்துக்கும் மதிப்பெண் போட்டுவிட்டுக் கடைசி நாளில்தான் ஒன்றாக உட்காருகிறார்கள். எண்ணத்தில் தெரிந்தது பேச்சிலும் செயலிலும் தெரிகிறதா என்று ஒத்துப் பார்ப்பதுதான் அங்கே முறை. ஒருவன் கதையில் வீரத்தை எழுதிவிட்டு மைதானத்தில் கயிற்றைப் பிடிக்கப் பயந்தால் அது வெளியே தெரிந்துவிடும். உங்கள் மூவரில் இருவர் பேசாமல் இருக்க, ஒருவரே கேட்டு, அவரே பொருள் சொல்லி, அவரே குறித்துக்கொண்டிருக்கிறார்.

பொதிகைச்சாரல் எழுதியது:

முந்தைய பதிவில் முக்கியமான இடத்தைத் தொட்டுவிட்டார்கள். கல்லூரியில் உளவியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் அதைத் தொடர்கிறேன்.

வேலை கேட்டு வருபவரை வியப்பில் ஆழ்த்தும் பழக்கம் இன்றைக்கு வந்ததன்று. தாமஸ் எடிசன் தம்மிடம் வேலைக்கு வந்த பட்டதாரிகளுக்கு நூற்றுக்கும் மேற்பட்ட கேள்விகள் கொண்ட தாளைக் கொடுத்தார். பிரான்சின் எல்லையில் உள்ள நாடுகள் எவை, வோல்கா ஆறு எங்கே ஓடுகிறது என்றெல்லாம் அதில் இருந்தன. 1921-இல் அந்தக் கேள்விகள் செய்தித்தாளில் வெளியாகிப் பெரிய விவாதமே நடந்தது. அது அறிவைச் சோதிப்பது. குணத்தைச் சோதிக்கும் வினாத்தாள் முதல் உலகப் போரின்போது வந்தது. குண்டு வெடிப்பின் அதிர்ச்சியில் மனம் உடைந்துபோகக்கூடிய வீரர்களை முன்பே கண்டறிவதற்காக அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் உட்வொர்த் ஆம், இல்லை என்று பதில் சொல்லும் கேள்விகளைத் தொகுத்தார். தாள் தயாராகும் முன் போர் முடிந்துவிட்டது. ஆனால் அந்த வடிவத்தை வேலைக்கு ஆள் எடுப்பவர்கள் பிடித்துக்கொண்டார்கள்.

குணத்துக்கும் வேலைத் திறனுக்கும் தொடர்பே இல்லை என்று நான் சொல்லவில்லை. மர்ரே பாரிக், மைக்கேல் மவுண்ட் ஆகிய இருவரும் 1991-இல் அதுவரை வந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தபோது, பொறுப்புணர்வு என்ற ஒரு குணம் மட்டும் அவர்கள் எடுத்துக்கொண்ட எல்லா வகைத் தொழிலிலும் வேலைத் திறனோடு தொடர்பு காட்டியது. ஆனால் பொறுப்புணர்வை மரத்தைக் கேட்டு அளக்க முடியாது. ஆட்களைக் குண வகைகளாகப் பிரிக்க நிறுவனங்கள் விரும்பிப் பயன்படுத்தும் மையர்ஸ்-பிரிக்ஸ் வினாத்தாளையே எடுத்துக்கொள்ளுங்கள். அதை வெளியிடும் நிறுவனமே ஆள் எடுப்பதற்கு அதைப் பயன்படுத்தக் கூடாது என்று சொல்கிறது.

நேர்காணலைப் பற்றிய எண்கள் இன்னும் தெளிவானவை. எல்லோரிடமும் ஒரே கேள்விகளை ஒரே வரிசையில் கேட்டு, எந்தப் பதிலுக்கு எத்தனை மதிப்பெண் என்பதை முன்பே எழுதி வைத்திருப்பது ஒரு முறை. மனத்தில் தோன்றியதைக் கேட்டு, பிடித்திருந்தால் எடுப்பது மற்றொரு முறை. பால் சாக்கெட்டும் அவருடைய குழுவினரும் 2022-இல் பழைய ஆய்வுகளை மீண்டும் கணக்கிட்டபோது, பிற்கால வேலைத் திறனோடு முதல் முறைக்கு இருந்த தொடர்பு 0.42, இரண்டாவது முறைக்கு 0.19 என்று வந்தது. ஒன்று என்றால் முழுமையான பொருத்தம், சுழியம் என்றால் தொடர்பே இல்லை. பாதிக்கும் குறைவாகப் பயன்தருகிற ஒன்றைத்தான் நம் மேலாளர்கள் "எனக்கு ஆளைப் பார்த்தாலே தெரியும்" என்று சொல்லிக்கொண்டு செய்கிறார்கள்.

அந்த நம்பிக்கை எங்கிருந்து வருகிறது என்பதற்கும் ஒரு சோதனை உண்டு. ஜேசன் டானா, ராபின் டாஸ், நதானியல் பீட்டர்சன் ஆகியோர் 2013-இல் வெளியிட்டது அது. மாணவர்களைக் கொண்டு வேறு மாணவர்களை நேர்காணல் செய்ய வைத்து, அவர்களுடைய அடுத்த பருவ மதிப்பெண்ணைக் கணிக்கச் சொன்னார்கள். பதில் சொன்ன மாணவர்களில் ஒரு பகுதியினர், கேள்வியின் பொருளைப் பார்க்காமல், கேள்வியில் வரும் எழுத்துகளை வைத்து ஒரு விதிப்படி ஆம், இல்லை என்று பதில் சொன்னார்கள். கேட்டவர்கள் அதைக் கண்டுபிடிக்கவே இல்லை. அந்தப் பொருளற்ற பதில்களிலிருந்தும் அவர்கள் ஆளைப் பற்றி ஒரு முழுக் கதையைக் கட்டிக்கொண்டார்கள், அதில் உறுதியாகவும் இருந்தார்கள். நேர்காணலே செய்யாமல் பழைய மதிப்பெண்ணை மட்டும் பார்த்துச் சொல்லியிருந்தால் இன்னும் சரியாகச் சொல்லியிருப்பார்கள் என்பதுதான் முடிவு. பனை தனியாக நிற்கும் மரம் என்பதும் அப்படிக் கட்டிக்கொண்ட கதையே. திசையன்விளையில் பிறந்த ஒருவர் அந்த நாற்காலியில் இருந்திருந்தால், "வறட்சியைத் தாங்குபவர்" என்று குறித்திருப்பார்.

இன்னொன்றையும் குறும்பாகச் சொல்லி வைக்கிறேன். ஸ்காட் ஹைஹவுஸும் உடன் ஆய்வாளர்களும் 2019-இல், புதிர்க் கேள்விகளைக் கேட்க விரும்புகிறவர்கள் எப்படிப்பட்டவர்கள் என்று ஆராய்ந்தார்கள். தற்பெருமையும் பிறர் தவிப்பதைக் கண்டு மகிழும் போக்கும் அவர்களிடம் தூக்கலாகத் தெரிந்தன. குணத்தை அறியும் கேள்வி என்றால் அது கேட்பவருடைய குணத்தைத்தான் நன்றாக அறிவிக்கிறது.

பாளை வாசகி எழுதியது:

மரமும் விலங்கும் பெரிய நிறுவனங்களிலிருந்து இறக்குமதியான கேள்விகள். நம் பக்கத்துக்கே உரிய ஒரு வகை உண்டு, அதைப் பற்றி யாரும் பேசவில்லை.

கணக்குப் பிரிவு வேலை ஒன்றுக்கு நான் போனபோது டேலி தெரியுமா, ஜி.எஸ்.டி. படிவம் நிரப்பத் தெரியுமா என்று கேட்டு முடித்துவிட்டு, முதலாளி மிகவும் அன்பான குரலில் பேச்சை மாற்றினார். "எந்த ஊரும்மா?" என்றார். சொன்னேன். "ஊரில் எந்தத் தெரு?" என்றார். நான் தயங்கியதும், "சும்மாதான் கேட்கிறேன், பங்குனி உத்திரத்துக்கு எந்தச் சாஸ்தா கோயிலுக்குப் போவீர்கள்?" என்று முடித்தார். வெளியூர்க்காரர் காதில் விழுந்தால் இது ஒருவருடைய பக்தியைப் பற்றிய பேச்சு என்று தோன்றும். பங்குனி உத்திரத்தன்று அவரவர் குடும்பத்துச் சாஸ்தாவைத் தேடிப் போகிற இந்த மண்ணில், அந்த ஒரு பதிலைச் சொன்னால் ஒருவருடைய சாதியும் சொந்தபந்தமும் அப்படியே தெரிந்துவிடும். அடுத்த கேள்வி, கல்யாணம் எப்போது என்பது. ஆள் எடுக்கும்போது ஆண், பெண் என்று வேறுபாடு காட்டக் கூடாது என்று 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்திலேயே இருந்தது, 2019-இல் கொண்டுவந்த ஊதியச் சட்டத் தொகுப்பிலும் அது இருக்கிறது. இருந்தும் அண்ணனிடம் கேட்காத கேள்வியைத் தங்கையிடம் கேட்கிறார்கள்.

"ஆளைப் புரிந்துகொள்ளத்தான் கேட்கிறோம்" என்ற சமாதானம் மரக் கேள்விக்கும் தெருக் கேள்விக்கும் பொதுவானது. எதை அறிய இந்தக் கேள்வி, எந்தப் பதிலுக்கு என்ன மதிப்பு என்று எழுதி வைக்க மறுக்கிற இடத்தில், இந்த இரண்டும் எப்போது ஒன்றோடொன்று கலக்கும் என்று சொல்ல முடியாது.

தென்காசிக் கடைக்காரர் எழுதியது:

படித்தவர்கள் நிறைய எழுதிவிட்டீர்கள். பாத்திரக்கடை வைத்திருப்பவன் என்ற முறையில் எதிர்த்தரப்பையும் சொல்ல அனுமதியுங்கள்.

எங்களிடம் மனிதவளப் பிரிவு கிடையாது. ஒரு பையன் வேலைக்கு வந்தால், எந்த ஊர், யார் மகன் என்று கேட்கத்தான் செய்வேன். சாதி பார்ப்பதற்காக அன்று. நாளைக்குக் கல்லாவில் இருந்து பணத்தை எடுத்துக்கொண்டு அவன் காணாமல் போனால் நான் எந்த வாசலில் போய் நிற்பது என்று எனக்குத் தெரிய வேண்டும். நிறுவனத்தில் திருட்டு நடந்தால் காப்பீடு இருக்கும், சட்டப் பிரிவு இருக்கும். எனக்கு இருப்பது இந்த விசாரணை ஒன்றுதான். வேலைக்கு வருகிறவனுக்கு ஒரு காப்பியை வாங்கிக் கொடுத்து, குடித்த டம்ளரை அவன் எங்கே வைக்கிறான் என்றும் பார்ப்பேன். அதில் எனக்குத் தெரிய வேண்டியது தெரிந்துவிடும்.

பாளை வாசகி எழுதியது:

அண்ணாச்சி, உங்களுடைய கவலை நியாயமானது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதற்கு வேண்டியது வீட்டு முகவரியும், இதற்கு முன் வேலை பார்த்த கடை முதலாளியின் தொலைபேசி எண்ணும். அவற்றை எல்லோரிடமும் ஒரேபோல வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், யாரும் குறை சொல்ல மாட்டார்கள். யார் மகன் என்று கேட்டு, தெரிந்த குடும்பம் என்றால் எடுத்து, தெரியாத குடும்பம் என்றால் அனுப்பிவிட்டால், நீங்கள் நினைக்காவிட்டாலும் கடையில் கடைசியில் ஒரே தெருக்காரர்கள்தான் இருப்பார்கள். டம்ளரைப் பொறுத்தவரை, முதலாளி முன்னால் நிற்கிற பதற்றத்தில் அதை மேசையில் வைத்தவன் சோம்பேறி என்று நீங்கள் முடிவு கட்டினால், அவனுக்குப் பதில் சொல்லவே வாய்ப்பில்லை. தேரிக்காட்டானிடம் குறைந்தபட்சம் வாயைத் திறந்தாவது கேட்டார்கள்.

கொக்கிரகுளத்தார் எழுதியது:

தேரிக்காட்டான் தம்பிக்கு ஒன்றைச் சொல்ல விட்டுப்போயிற்று. இரண்டாம் சுற்றில் இதே போன்ற கேள்வி வந்தால், ஒரு மூச்சு நேரம் எடுத்துக்கொண்டு, பதிலோடு காரணத்தையும் சேர்த்தே சொல்லிவிடுங்கள். மரத்தின் பெயரை மட்டும் சொல்லி நிறுத்தினால், காரணத்தைக் கேட்பவர் தம் மனத்திலிருந்து நிரப்பிக்கொள்வார். அந்தக் காரணம் உங்கள் வேலையில் நடந்த ஒன்றாக இருக்கட்டும். "ஒரு முறை சரக்கு அனுப்பும் அவசரத்தில் எல்லோரும் இருக்க, அளவு தவறிய பாகங்களை நான் நிறுத்தி வைத்தேன், பிறகு உற்பத்திப் பிரிவோடு உட்கார்ந்து காரணத்தைக் கண்டுபிடித்தோம்" என்று உண்மையாக நடந்ததைச் சொன்னால், மரத்தை மறந்துவிட்டு அதைப் பற்றிக் கேட்கத் தொடங்குவார்கள். நல்ல நேர்காணல் செய்பவர் முதலிலேயே கேட்டிருக்க வேண்டிய கேள்வி அதுதான்.

தேரிக்காட்டான் எழுதியது:

மிக்க நன்றி. அப்படி ஒன்று உண்மையிலேயே நடந்திருக்கிறது. அந்தச் சரக்கை நிறுத்தியதற்காக அன்று மேற்பார்வையாளரிடம் திட்டும் வாங்கினேன். அதையும் சேர்த்துச் சொல்லலாமா?

கொக்கிரகுளத்தார் எழுதியது:

தாராளமாகச் சொல்லுங்கள். பழைய நிறுவனத்தின் மீது குறை சொல்வதாகத் தோன்றாமல், நடந்ததை நடந்தபடி சொன்னால் போதும்.

தென்காசிக் கடைக்காரர் எழுதியது:

பாளைத் தங்கச்சி சொன்ன முகவரி யோசனையை ஏற்றுக்கொள்கிறேன். டம்ளரை விடுவதாக இல்லை. பொதிகைச்சாரல் ஐயாவிடம் ஒரு கேள்வி. வரும் தீபாவளிக்கு முன் கடைக்கு ஒரு விற்பனைப் பையனும், கல்லாவுக்கு ஓர் ஆளும் எடுக்க வேண்டும். மதிப்பெண் தாள் எல்லாம் என் கடைக்கு எப்படிப் பொருந்தும்?

பொதிகைச்சாரல் எழுதியது:

அண்ணாச்சி, பெரிய தாள் ஒன்றும் வேண்டாம். விற்பனைக்கு வருகிற ஒவ்வொருவரையும் அரை நாள் கடையில் நிற்க வைத்து, அதற்கான கூலியையும் கொடுத்துவிடுங்கள். குடும்பத்தோடு வருகிறவர்களுக்குச் சீர்ப் பாத்திரம் எடுத்துக் காட்டச் சொல்லுங்கள். எடை பார்த்து விலை சொல்வது, அடுக்கைக் கலைத்த பிறகு திரும்ப அடுக்குவது, பேரம் பேசுகிறவரிடம் முகம் சுளிக்காமல் இருப்பது ஆகிய மூன்றுக்கும் ஐந்து ஐந்து மதிப்பெண் என்று வைத்துக்கொண்டு, நீங்களும் உங்கள் மூத்த பணியாளரும் ஒருவர் எழுதியதை மற்றவர் பார்க்காமல் தனித்தனியாகப் போடுங்கள். கல்லாவுக்கு வருகிறவரிடம் ஒரு நாள் பில் கட்டைக் கொடுத்துக் கூட்டச் சொல்லுங்கள், நடுவில் ஒரு பில் எண் விடுபட்டிருக்கட்டும். அதை அவரே கவனித்துக் கேட்கிறாரா என்று பாருங்கள்.

தென்காசிக் கடைக்காரர் எழுதியது:

பில் எண்ணைக் கவனிக்கத் தெரிந்தவன் அதை மறைக்கவும் தெரிந்தவனாக இருந்தால்?

பொதிகைச்சாரல் எழுதியது:

அதை எந்தக் கேள்வியும் உறுதியாகச் சொல்லிவிடாது, உங்கள் டம்ளரும் சொல்லாது. கல்லாவில் யார் உட்கார்ந்தாலும், கடை அடைக்கும் முன் இருப்பையும் பில்லையும் வேறொருவர் ஒத்துப் பார்க்கும்படி வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சரிபார்ப்பைச் சொந்தக்காரப் பையன் என்பதற்காக யாருக்கும் விட்டுக்கொடுத்துவிடாதீர்கள்.